வடகிழக்கின் எட்டு மாநிலங்களும் தலைநகரங்களும்: கடலூரிலிருந்து படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

போட்டித் தேர்வுக்குப் புதிதாகப் படிக்க வருபவர்கள் இந்தியாவின் மாநிலங்களையும் தலைநகரங்களையும் படிக்கும்போது தெற்கையும் மேற்கையும் விரைவாகக் கடந்துவிடுகிறார்கள். வடகிழக்குக்கு வந்ததும் தடுமாறுகிறார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாலை வேளைகளில் சில இளைஞர்களுக்குப் பொது அறிவு சொல்லிக்கொடுத்து வருகிறேன். அவர்களில் பலர் எட்டு மாநிலங்களின் பெயர்களையும் தலைநகரங்களையும் வாய்ப்பாடுபோல ஒப்பிப்பார்கள். ஆனால் நாகாலாந்துக்குத் தெற்கே எந்த மாநிலம் இருக்கிறது என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். ஒப்பித்த பட்டியலும் பத்து நாள்களில் கலைந்து, அய்சால் நாகாலாந்துக்கும் கோகிமா மிசோரத்துக்கும் இடம் மாறிவிடும். கண்ணால் காணாத ஊரின் பெயர் மனத்தில் தங்க வேண்டுமானால், அதற்கு முதலில் ஓர் இடம் வேண்டும். ஆகவே இடம் முதலில், பெயர் அடுத்து, ஆண்டு கடைசியில் என்ற வரிசையில் படிக்கும்படி நான் வற்புறுத்துவது வழக்கம். அந்த வரிசையையே இங்கே எழுதுகிறேன்.

தேவையானவை குறைவு. கோடு போடாத வெள்ளைத் தாள்கள் சில, ஒரு பென்சில், அழிப்பான், மாநில எல்லைகள் தெளிவாகத் தெரியும் ஓர் அட்லஸ் ஆகியவை போதும். கைப்பேசியில் வரைபடத்தைப் பார்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கும்போது, எந்த மாநிலம் பெரியது, எது சிறியது என்ற அளவுணர்வு முற்றிலும் தொலைந்துவிடுகிறது. அட்லஸ் கையில் இல்லாதவர்கள் நூலகத்துக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரைந்து வரலாம்.

முதல் படி: கழுத்தை வரையுங்கள்

தாளின் இடது ஓரத்தில் தொடங்குங்கள். வடகிழக்கு மாநிலங்களை நாட்டின் மற்றப் பகுதியோடு இணைப்பது மேற்கு வங்காளத்தின் வடக்கே உள்ள சிலிகுரி இடைவழி. கோழியின் கழுத்து என்றும் அதனை அழைப்பார்கள். ஒரு பக்கம் நேபாளம், மறுபக்கம் வங்கதேசம். இடையே மிகக் குறுகிய இடத்தில் அதன் அகலம் ஏறத்தாழ 22 கிலோமீட்டர்தான். கடலூர்ப் பேருந்து நிலையத்தில் ஏறி, பெண்ணையாற்றுப் பாலத்தைக் கடந்து, கன்னியகோவில், கிருமாம்பாக்கம் வழியாகப் புதுச்சேரிக்குப் போய் இறங்குகிற தூரம் ஏறக்குறைய அவ்வளவே. சாலை, ரயில், மின்சாரம், எண்ணெய்க் குழாய் என நிலவழியாகச் செல்லும் அனைத்தும் அந்த அகலத்துக்குள் நுழைந்துதான் அப்பால் போக வேண்டும். நாள்தோறும் நாம் போய்வருகிற தூரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, அந்தப் பகுதியைப் பற்றி நாட்டில் ஏன் அவ்வளவு கவலையோடு பேசுகிறார்கள் என்பது விளங்கிவிடும்.

இரண்டாம் படி: அசாமை நடுவில் வையுங்கள்

கழுத்துக்குக் கிழக்கே, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் ஒரு பட்டையை வரையுங்கள். அது பிரம்மபுத்திரா பாயும் பள்ளத்தாக்கு. அதன் நடுப்பகுதியிலிருந்து தெற்கே ஒரு கால் இறங்கும். அது பராக் ஆற்றின் பள்ளத்தாக்கு, சில்சார் நகரம் இருக்கும் இடம். இரண்டும் சேர்ந்ததே அசாம். வரையும்போது சாய்ந்துபோன ‘T’ என்ற எழுத்தின் வடிவம் கிடைத்தால் சரியாக வரைந்திருக்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

அசாமை இவ்வளவு கவனமாக வரையச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏழு சகோதரிகள் என்று அழைக்கப்படும் மாநிலங்களில் மற்ற ஆறும் அசாமைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அசாமின் தலைமாட்டில் தொடங்கிக் கடிகார முள் சுற்றும் திசையில் வாருங்கள்: வடக்கே அருணாசலப் பிரதேசம், கிழக்கே நாகாலாந்து, அதற்குத் தெற்கே மணிப்பூர், அதற்கும் தெற்கே மிசோரம், தென்மேற்கே திரிபுரா, பிறகு மேலேறி வந்தால் பிரம்மபுத்திராவுக்குத் தெற்கே மேகாலயா. இந்தச் சுற்றை வாயால் சொல்லிக்கொண்டே கையால் நான்கைந்து முறை வரைந்தால் போதும்; பட்டியலை ஐம்பது முறை எழுதுவதைவிட இது நன்றாகப் பதிகிறது.

சுற்று பதிந்த பிறகு, எல்லைகள் தாமாகவே விடை சொல்லும். அருணாசலம், நாகாலாந்து, மணிப்பூர், மிசோரம் ஆகிய நான்கும் கிழக்கு வரிசையில் நிற்பதால் மியான்மரோடு எல்லை கொண்டவை இவை. அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் ஆகிய நான்கும் வங்கதேசத்தைத் தொடுகின்றன. இரண்டு பட்டியலிலும் வருவது மிசோரம் மட்டுமே என்பதைப் படத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். மேகாலயாவுக்கு இந்தியாவுக்குள் அசாம் ஒன்றுதான் அண்டை மாநிலம்.

எட்டாவது மாநிலமான சிக்கிமை இந்தச் சுற்றில் சேர்க்கக் கூடாது. அது கழுத்துக்கு மேலே, நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் நடுவில் தனியாக இருக்கிறது. இந்தியாவுக்குள் அதனைத் தொடுவது மேற்கு வங்காளம் மட்டும். காரைக்காலுக்கும் புதுச்சேரிக்கும் ஒரே நிர்வாகமாக இருந்தும், இடையே கடலூர், மயிலாடுதுறை மாவட்டங்கள் குறுக்கிடுவதை நாம் அறிவோம். சிக்கிமுக்கும் அசாமுக்கும் இடையே மேற்கு வங்காளம் அப்படித்தான் குறுக்கே நிற்கிறது. இந்த மாநிலங்களின் வளர்ச்சிக்காக அமைந்த வடகிழக்கு மன்றத்தில் சிக்கிம் 2002இல்தான் சேர்க்கப்பட்டது. பழைய புத்தகங்களில் ஏழு என்றும் புதிய புத்தகங்களில் எட்டு என்றும் இருப்பதற்கு அதுவே காரணம்.

அளவையும் இங்கேயே மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எட்டும் சேர்ந்து ஏறத்தாழ 2,62,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டைப்போல இரு மடங்கு. அவற்றுள் பரப்பில் பெரியது 83,743 சதுர கிலோமீட்டர் கொண்ட அருணாசலப் பிரதேசம். மக்கள்தொகையில் முதலிடம் அசாமுக்கு. 2011 கணக்கெடுப்பின்படி அங்கே 3 கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் மிகுதி. சிக்கிம் 7,096 சதுர கிலோமீட்டர், அதாவது கடலூர் மாவட்டத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்கு மட்டுமே. மிசோரத்தின் மக்கள்தொகை 2011இல் ஏறத்தாழ 11 லட்சம். அதே கணக்கெடுப்பில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் ஏறத்தாழ 12.5 லட்சம் பேர் இருந்தனர்.

மூன்றாம் படி: தலைநகரங்களை ஒவ்வொன்றாக அமர்த்துங்கள்

ஒரே நாளில் எட்டையும் முடிக்க முயல வேண்டாம். நாளைக்கு இரண்டு என்று வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணத்தையோ நமக்குத் தெரிந்த ஏதேனும் ஒன்றையோ இணைத்துப் படியுங்கள்.

அசாமின் தலைநகரம் திஸ்பூர். குவாஹாட்டி என்று எழுதி மதிப்பெண் இழப்பவர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன். குவாஹாட்டி பெருநகரம்; திஸ்பூர் அந்த நகரத்துக்குள் அடங்கிய ஒரு பகுதி. கடலூருக்குள் மஞ்சக்குப்பம் இருப்பதுபோல என்று சொன்னால் எங்கள் பிள்ளைகளுக்கு உடனே புரிந்துவிடும். சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் திஸ்பூரில் இருக்கின்றன. உயர் நீதிமன்றமோ குவாஹாட்டியின் பெயரால் வழங்குகிறது. அந்த உயர் நீதிமன்றமே நாகாலாந்துக்கும் மிசோரத்துக்கும் அருணாசலத்துக்கும் பொதுவானது என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். குவாஹாட்டி என்ற பெயருக்குப் பாக்குச் சந்தை என்று பொருள் சொல்வார்கள். வெற்றிலை பாக்கு இல்லாத விருந்தோம்பல் அசாமிலும் கிடையாது.

அசாமுக்குத் திஸ்பூர் ஏன் தலைநகரமானது என்பதற்கு விடை மேகாலயாவில் இருக்கிறது. 1874இல் ஆங்கிலேயர் அசாமைத் தனி மாகாணமாக்கியபோது, காசி மலையில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், நம் ஏற்காட்டின் உயரத்தில் உள்ள ஷில்லாங்கைத் தலைநகரமாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அசாம் பெரும்பாலும் அங்கிருந்தே ஆளப்பட்டது. பின்னர் காசி, காரோ, ஜைந்தியா மலைப்பகுதிகள் பிரிந்து மேகாலயா என்ற மாநிலமானபோது ஷில்லாங் அதன் தலைநகரமாயிற்று. அசாம் கீழே சமவெளிக்கு இறங்கி, குவாஹாட்டியின் திஸ்பூரில் புதிய தலைநகரத்தை அமைத்துக்கொண்டது. ஒரு கதையில் இரண்டு தலைநகரங்கள் அடங்கிவிட்டன. மேகாலயா என்பது மேகமும் ஆலயமும் சேர்ந்த பெயர் என்பதைத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. மழைக்குப் பெயர்போன சிரபுஞ்சியும் மௌசின்ராமும் அங்கேதான் இருக்கின்றன.

அருணாசலப் பிரதேசம் என்ற பெயர் நம் பக்கத்தில் திருவண்ணாமலையை நினைவூட்டும். அங்கே அது விடியலின் செவ்வொளி முதலில் விழும் மலைகளைக் குறிக்கிறது. நாட்டின் கிழக்கு விளிம்பில் அந்த மாநிலம் இருப்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. தலைநகரம் இட்டாநகர். அங்குள்ள பழைய செங்கற்கோட்டையான இட்டா கோட்டையிலிருந்து ஊருக்குப் பெயர் வந்தது. நம் பழந்தமிழிலும் செங்கல்லுக்கு இட்டிகை என்ற சொல் வழங்கியது. இட்டிகையை நினைத்தால் இட்டாநகர் மறக்காது.

நாகாலாந்தின் தலைநகரம் கோகிமா. மலைமேல் இருக்கும் ஊர் அது. அடிவாரத்தில், ரயில் நிலையமும் விமான நிலையமும் உள்ள திமாப்பூர்தான் அந்த மாநிலத்தின் பெரிய நகரம். பெரிய நகரமே தலைநகரமாக இருக்கும் என்று எண்ணித் திமாப்பூரை எழுதிவிடக் கூடாது. 1944இல் ஜப்பானியப் படையைத் தடுத்து நிறுத்திய கடும்போர் கோகிமாவில் நடந்தது. போரில் மாண்டவர்களின் கல்லறைத் தோட்டம் நகரின் நடுவில் இன்றும் பராமரிக்கப்படுகிறது. டிசம்பர் முதல் பத்து நாள்களில் கோகிமாவுக்கு அருகே கிசாமாவில் நடக்கும் இருவாச்சி (ஹார்ன்பில்) திருவிழாவைப் பற்றிய கேள்வியும் அடிக்கடி வரும். இருவாச்சி நம் ஆனைமலைக் காடுகளிலும் வாழும் பறவையே.

மணிப்பூரின் தலைநகரமான இம்பாலில் சற்று நிற்க விரும்புகிறேன், ஏனென்றால் நமக்கும் அந்த மாநிலத்துக்கும் உள்ள தொடர்பு பாடநூலோடு முடிவதில்லை. இம்பாலிலிருந்து தெற்கே லோக்டாக் ஏரிக்கரையில் இருக்கும் மொய்ராங்கில், 1944 ஏப்ரல் 14 அன்று இந்திய தேசிய ராணுவம் கொடியேற்றியது. மலேயாவிலும் பர்மாவிலும் வாழ்ந்த தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் சேர்ந்திருந்த படை அது. பிறகு 1960களில் பர்மாவை விட்டு வெளியேற நேர்ந்த தமிழர்களில் ஒரு பகுதியினர், மணிப்பூரின் எல்லை ஊரான மோரேயில் தங்கிக் குடியேறினார்கள். அங்கே தமிழ்ச் சங்கமும் அங்காள பரமேசுவரி கோவிலும் இருக்கின்றன. பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் நம் மாவட்டங்களிலும் உண்டு. தாத்தாவோ பாட்டியோ பர்மாவைப் பற்றிச் சொல்லக் கேட்ட பிள்ளைக்கு, மோரேயைக் காட்டிவிட்டு அங்கிருந்து வடமேற்கே இம்பாலைக் காட்டினால் அந்த வரைபடம் தன் வீட்டு வரைபடம் ஆகிவிடுகிறது. இம்பாலின் நடுவே பெண்கள் மட்டுமே கடை நடத்தும் இமா சந்தை இருப்பதையும் சொல்லுங்கள். இமா என்றால் அம்மா.

திரிபுராவின் தலைநகரம் அகர்தலா. கடலூர் மாவட்டத்துப் பிள்ளைக்குத் திரிபுரம் என்றதும் பண்ணுருட்டிக்குப் பக்கத்தில் உள்ள திருவதிகை வீரட்டானமும் முப்புரம் எரித்த கதையும் நினைவுக்கு வரும். அந்தப் புராணத்தை இந்த மாநிலத்தோடு இணைத்து வரலாறு சொல்ல நான் வரவில்லை; பெயர் மனத்தில் நிற்க அது உதவினால் போதும். அகர் என்பது அகில் மரம். அகர்தலாவின் பெயரை அந்த மரத்தோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். புதுச்சேரி நகர்ப் பகுதியை மூன்று பக்கம் தமிழ்நாடும் ஒரு பக்கம் கடலும் சூழ்ந்திருப்பதுபோல, திரிபுராவை மூன்று பக்கம் வங்கதேசம் சூழ்ந்திருக்கிறது; கிழக்கே மட்டும் அசாமும் மிசோரமும். தலைநகரத்திலிருந்து பன்னாட்டு எல்லை சில கிலோமீட்டர் தூரம்தான்.

மிசோரத்துக்கு அய்சால், சிக்கிமுக்குக் காங்டாக். இரண்டும் மலைச்சரிவில் அமைந்த ஊர்கள். மிசோரம் என்ற பெயரின் கடைசிப் பகுதி இராமனைக் குறிப்பதன்று. மிசோ மொழியில் ராம் என்றால் நிலம், ஆகவே மிசோ மக்களின் நிலம். 2025 செப்டம்பரில் பைராபியிலிருந்து அய்சாலுக்கு அருகிலுள்ள சாய்ராங் வரை ரயில் பாதை திறக்கப்பட்டதால் அய்சால் ரயில் வரைபடத்துக்குள் வந்துவிட்டது என்பதையும் புதிய நிகழ்வுகள் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

நான்காம் படி: ஆண்டுகளைக் கட்டுக்கட்டாகப் படியுங்கள்

எட்டு மாநிலங்களுக்கும் எட்டுத் தேதிகள் என்று அஞ்ச வேண்டியதில்லை. 1947இல் இருந்த அசாமைத் தவிர்த்தால் நான்கு தேதிகளே மிஞ்சும். நாகாலாந்து 1963 டிசம்பர் 1 அன்று பதினாறாவது மாநிலமாயிற்று. மணிப்பூர், மேகாலயா, திரிபுரா ஆகிய மூன்றும் ஒரே நாளில், 1972 ஜனவரி 21 அன்று, முழு மாநிலங்களாயின. முடியாட்சியாக இருந்த சிக்கிம் 1975 மே 16 அன்று 22ஆவது மாநிலமாக இணைந்தது. மிசோரமும் அருணாசலப் பிரதேசமும் 1972இல் யூனியன் பிரதேசங்களாகி, 1987 பிப்ரவரி 20 அன்று முறையே 23ஆவது, 24ஆவது மாநிலங்களாயின. மிசோரம் 1986இல் கையெழுத்தான அமைதி உடன்பாட்டுக்குப் பின் மாநிலத் தகுதி பெற்றது.

புதுச்சேரியிலிருந்து படிக்க வருபவர்களிடம் இந்த இடத்தில் ஒரு செய்தியைத் தவறாமல் சொல்வேன். யூனியன் பிரதேசங்களுக்குச் சட்டமன்றம் அமைக்க வழிசெய்த 1963ஆம் ஆண்டுச் சட்டம், மணிப்பூர், திரிபுரா, இமாசலப் பிரதேசம், கோவா டாமன் டையூ ஆகியவற்றோடு புதுச்சேரிக்கும் சேர்த்து இயற்றப்பட்டது. அவற்றுள் சட்டமன்றத்தோடு இன்றும் யூனியன் பிரதேசமாக நீடிப்பது புதுச்சேரி மட்டுமே. மாநிலத் தகுதி கேட்டுப் புதுச்சேரியில் எழும் குரலைச் செய்தித்தாளில் படிக்கிறவர்களுக்கு, இம்பாலும் அகர்தலாவும் ஒரு காலத்தில் தங்களோடு ஒரே வரிசையில் நின்ற ஊர்கள் என்பது புதிய செய்தியாக இருக்கும்.

ஐந்தாம் படி: பெயர்களை ஒரே எழுத்துமுறையில் எழுதுங்கள்

தமிழில் இந்தப் பெயர்களை ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு விதமாக அச்சிடுகிறது. கோகிமா, கொஹிமா, அய்சால், ஐஸ்வால், திஸ்பூர், டிஸ்பூர், காங்டாக், கேங்டாக் என்று எல்லாமும் கண்ணில் படும். இரண்டு வடிவங்களையும் தெரிந்துவைத்துக்கொண்டு, எழுதும்போது ஒன்றையே பின்பற்றுங்கள். முன்பு ஒருமுறை, ஒரு பயிற்சிக் குறிப்பேட்டில் ஐஸ்வாலும் அய்சாலும் இரண்டு வெவ்வேறு நகரங்களாக அச்சாகி இருந்ததை நம்பி, என்னிடம் படித்த பெண் தலைநகரங்கள் ஒன்பது என்று வாதாடினாள். பிழை அவளுடையதன்று, ஆனால் வரைபடத்தை வரைந்திருந்தால் ஒன்பதாவது ஊருக்கு இடமில்லை என்பதை அவளே கண்டுபிடித்திருப்பாள்.

ஆறாம் படி: போகப் போகிறவர்களுக்கு

படிப்புக்காகவோ பணிக்காகவோ அங்கே செல்லும் வாய்ப்பு அமைந்தால், அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய நான்குக்கும் வெளிமாநில இந்தியர்கள் உள்நுழைவு அனுமதிச் சீட்டு பெற்றாக வேண்டும் என்பதை மறவாதீர்கள். அசாம், மேகாலயா, திரிபுரா ஆகியவற்றுக்கு அது தேவையில்லை. சிக்கிமில் எல்லையை ஒட்டிய சில பகுதிகளுக்கு மட்டும் தனி அனுமதி உண்டு. முன்கூட்டியே இணையவழியில் விண்ணப்பித்துவிடுவது நல்லது.

போகாதவர்களுக்கும் அந்த மக்கள் தொலைவில் இல்லை. புதுச்சேரியின் உணவகங்களிலும் அழகு நிலையங்களிலும், காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்திலும், ஜிப்மர் வளாகத்திலும் அவர்களைக் காண்கிறோம். உணவகம் ஒன்றில் பரிமாறிய இளைஞரிடம், உடன் வந்த நண்பர் நேபாளமா என்று கேட்டபோது, அவர் இல்லை என்று சொல்லிவிட்டு மேற்கொண்டு பேசாமல் நகர்ந்தார். நான் எழுந்து சென்று எந்த மாநிலம் என்று கேட்டேன். நாகாலாந்து என்றார். கோகிமாவா, திமாப்பூரா என்று கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. திமாப்பூரிலிருந்து கோகிமாவுக்கு மலையேறும் சாலையைக் கையால் வளைத்து வளைத்துக் காட்டினார். இந்திய நாட்டின் குடிமகனை அயல்நாட்டவர் என்று எண்ணிக் கேட்கும் தவற்றை நாம் செய்யாமல் இருக்கவேனும் இந்த எட்டுப் பெயர்களைச் சரியாகப் படிக்க வேண்டும் என்று அன்று முதல் என் வகுப்பில் சொல்லி வருகிறேன்.

ஏழாம் படி: பார்க்காமல் வரைந்து சோதியுங்கள்

ஒரு வாரம் கழித்து, அட்லஸை மூடிவைத்துவிட்டு, வெற்றுத் தாளில் பத்து நிமிடத்துக்குள் முழுப்படத்தையும் வரையுங்கள். முதலில் கழுத்து, பிறகு அசாம், பிறகு ஆறு மாநிலச் சுற்று, கடைசியில் சிக்கிம். ஒவ்வொரு மாநிலத்துக்குள்ளும் புள்ளி வைத்துத் தலைநகரத்தின் பெயரையும் மாநிலமான ஆண்டையும் எழுதுங்கள். பிறகு அட்லஸைத் திறந்து நான்கு இடங்களை மட்டும் சரிபாருங்கள்: திஸ்பூரின் புள்ளி பிரம்மபுத்திராக் கரையை ஒட்டி விழுந்திருக்கிறதா, அகர்தலா திரிபுராவின் மேற்கு எல்லையோரம் இருக்கிறதா, மணிப்பூர் நாகாலாந்துக்கும் மிசோரத்துக்கும் நடுவில் இருக்கிறதா, சிக்கிம் மற்ற ஏழில் எதையும் ஒட்டாமல் தனியே நிற்கிறதா. சிக்கிமின் கோடு அசாமைத் தொட்டிருந்தால் அழித்துவிட்டு, கழுத்திலிருந்து மறுபடியும் தொடங்குங்கள்.